மீன் தொட்டியில் காப்பர் மருந்து போட்டு பத்து நாள், அம்மோனியா ஏறுகிறது. டாங் மீனைக் காப்பாற்ற என்ன வழி?

சென்னையில் 300 லிட்டர் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர் மீன் தொட்டி), இரண்டு வருடமாக ஓடுகிறது. மூன்று வாரத்துக்கு முன் புதிதாக ஒரு ப்ளூ டாங் வாங்கி, தனியே வைத்துப் பார்க்காமல் நேரே விட்டுவிட்டேன். ஐந்தாம் நாளே உடம்பெல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி, பாறையில் உரசல். அப்புறம் இரண்டு க்ளவுன் மீனுக்கும் வந்தது. மரைன் இக் எனும் ஒட்டுண்ணி நோய்தான்.

முதலில் பூண்டுச் சாறு கலந்த தீனி, க்ளீனர் இறால் இரண்டும் பார்த்தேன், பலனில்லை. பவளமும் இறாலும் இருக்கும் தொட்டியில் காப்பர் ஊற்ற முடியாது (அவை செத்துவிடும்), அதனால் மீன்களை மட்டும் 60 லிட்டர் தொட்டிக்கு மாற்றி, கீலேட்டட் காப்பரை (வேறு சேர்மத்தோடு பிணைத்த காப்பர்) மெதுவாக 2.0 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 2 பங்கு) ஏற்றி வைத்திருக்கிறேன். வெப்பம் 27 டிகிரி, உப்பு அளவு (ஒப்படர்த்தி) 1.025. புள்ளி குறைந்தது, ஆனால் மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியா தினமும் 0.5 பிபிஎம் தொடுகிறது, டாங் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, மூச்சும் வேகம். அம்மோனியாவின் நச்சைக் கட்டுப்படுத்தும் மருந்து காப்பரோடு சேர்ந்தால் ஆபத்து என்பதால் தண்ணீர் மட்டும் மாற்றுகிறேன், மாற்றும் தண்ணீருக்கும் அதே அளவு காப்பர் கலந்து.

இப்போது காப்பரை நிறுத்திவிட்டு, 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மீன்களைச் சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றி ஒட்டுண்ணியைத் தவிர்க்கும் முறைக்குப் போகலாமா, அல்லது 30 நாளும் காப்பரிலேயே வைக்க வேண்டுமா?