சின்னக் கடைக்கு ஆன்லைன் விளம்பரம் கைகொடுத்ததா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கரிசல் கடை (கோவில்பட்டி):

எங்கள் வீட்டுத் தொழில் கடலைமிட்டாய். அப்பா காலத்திலிருந்து பஸ் ஸ்டாண்ட் கடைகளுக்கும் பக்கத்து ஊர்ப் பெட்டிக்கடைகளுக்கும் போட்டுக்கொண்டிருந்தோம். 2020 ஏப்ரலில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே கொண்டாடியிருக்க வேண்டிய நேரம். ஆனால் ஊரடங்கில் பஸ் ஓடவில்லை, வாங்குவதற்கு ஆள் இல்லை. பட்டறையில் அடுப்பு மூட்டி ஐந்து வாரம் ஆகியிருந்தது.

அப்போதுதான் வாட்ஸ்அப் பிசினஸை போனில் ஏற்றினேன். கேட்டலாக்கில் நாலு படம், விலை, எடை. அவ்வளவுதான். அந்த இணைப்பைத் தெரிந்தவர்களுக்கு அனுப்பினேன். ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அப்பா பாகு காய்ச்சுவதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன். வெல்லப்பாகில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விடுவார். அது கெட்டியாகி, தட்டினால் டங்கென்று சத்தம் வரவேண்டும், அதுதான் பதம். அந்தச் சத்தம் வீடியோவில் தெளிவாக விழுந்திருந்தது. அன்று ராத்திரியே பெங்களூரிலிருந்து ஒருவர் இரண்டு கிலோ கேட்டார். சொந்த ஊர் இதுதானாம், போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறதாம். பார்சல் சர்வீஸ் தொடங்கியதும் அனுப்பி வைத்தேன்.

அதுவரை எங்கள் மிட்டாயைத் தின்கிறவர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. கடைக்காரரைத்தான் தெரியும். இப்போது தின்கிறவரே நேராகச் சொல்கிறார், ஐப்பசி மழையில் அனுப்பிய மிட்டாய் நமத்துப்போய் வந்தது என்று. அதனால்தான் கால் கிலோவாகப் பிரித்துக் காற்றுப்புகாமல் ஒட்ட ஆரம்பித்தோம். முப்பது வருஷத்தில் கடைக்காரர் ஒருவர்கூட எங்களிடம் இதைச் சொன்னதில்லை.

செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று. உணவுப்பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண்ணைப் பாக்கெட்டில் போட வேண்டும். வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கப்போகிறீர்கள் என்றால், வியாபாரம் சின்னதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும். முதலிலேயே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். நான் தாமதமாகக் கேட்டு அலைந்தேன்.

உங்கள் கதையையும் சொல்லுங்கள். நன்றாகப் போனது மட்டும் இல்லை, கெட்டுப்போனதும் வேண்டும்.

ஸ்பேனர் (மதுரை):

தம்பி, என்னுடையது டூவீலர் ஒர்க்‌ஷாப். செல்லூரில் சந்துக்குள் சந்து. மெயின் ரோட்டில் போகிறவனுக்கு நான் இருப்பதே தெரியாது. அக்கா மகன்தான் கூகுள் மேப்பில் கடையைச் சேர்த்தான். சரிபார்ப்புக்கு வீடியோ கேட்டார்கள். தெருவைக் காட்டி, போர்டைக் காட்டி, நான் ஷட்டரைத் தூக்குவதைக் காட்டி எடுத்து அனுப்பினான். சில நாளில் கடை மேப்பில் வந்துவிட்டது.

ஆனால் நாங்கள் வைத்த குறி பக்கத்துத் தெருவில் விழுந்திருந்தது. பத்து நாள் என்னைத் தேடி வந்தவர்கள் எல்லாம் மாவு மில் வாசலில் நின்றிருக்கிறார்கள். மில்காரர்தான் வந்து சொன்னார். எனவே போட்டு முடித்ததும் வேறு ஒருவர் போனில் வழி போட்டு, அவர் பின்னாடியே நடந்து பாருங்கள்.

எனக்கு வந்த ஆட்களில் பாதிப்பேர் ராத்திரி எட்டு மணிக்கு மேல் பஞ்சராகி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள். கடை பத்து மணி வரை திறந்திருக்கும் என்று சரியாகப் போட்டிருந்தோம், அதுதான் காரணம். ஞாயிற்றுக்கிழமை லீவு என்றால் அதையும் போட்டுவிட வேண்டும். தள்ளிக்கொண்டு வந்தவன் பூட்டைப் பார்த்தால் வயிறெரிந்துதான் போவான்.

ஒருவர் ஒரே ஒரு ஸ்டார் போட்டார். ஸ்பேர் வராமல் அவர் வண்டி ஆறு நாள் கிடந்தது உண்மை. எனக்குக் கோபம்தான் வந்தது. அக்கா மகன் சொன்னான், சண்டை வேண்டாம் மாமா, நடந்ததை எழுதுங்கள் என்று. "தாமதம் என் மேல்தான். ஸ்பேர் வராது என்று முதல் நாளே போன் செய்திருக்க வேண்டும்" என்று எழுதினேன். அவர் திரும்ப வந்தார். அந்தப் பதிலைப் படித்துவிட்டு வந்ததாக வேறு இரண்டு பேரும் சொன்னார்கள். அஞ்சு ஸ்டார் போட்டால் ஆயில் சர்வீஸில் தள்ளுபடி கொடு என்று சிலர் யோசனை சொன்னார்கள். அது கூகுள் விதிப்படி கூடாது. எனக்கும் மனசு ஒப்பவில்லை.

ஆரி அக்கா (திருப்பூர்):

கெட்டுப்போனதும் வேண்டும் என்று கேட்டாயே தம்பி, என்னிடம் இருக்கிறது.

கல்யாண பிளவுஸுக்கு ஆரி வேலை செய்கிறேன். இன்ஸ்டாகிராமில் பேஜை வளர்த்துத் தருகிறோம் என்று ஒரு ஏஜென்சி வந்தது. ஆறு மாதத்துக்கு முப்பதாயிரம் கட்டினேன், நகைச்சீட்டுப் பணம். இரண்டே மாதத்தில் பத்தாயிரம் ஃபாலோயர்கள் வந்தார்கள். ஊரெல்லாம் காட்டிச் சந்தோஷப்பட்டேன். ஆர்டர் மட்டும் வரவே இல்லை. பெயர்களைப் பார்த்தால் எந்த நாடென்றே தெரியாத ஆட்கள். நிறுத்துகிறேன் என்றபோதுதான் தெரிந்தது, பேஜையே அவர்களுடைய மெயிலில் திறந்திருக்கிறார்கள். என் படங்களும் என் கடைப்பெயரும் அவர்கள் கையில். அது இன்றுவரை திரும்பி வரவில்லை.

பெண்களே, யார் உதவினாலும் சரி, கணக்கு உங்கள் நம்பரில், உங்கள் மெயிலில் இருக்கட்டும். பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும்.

இரண்டாவது பேஜை நானே ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு நூறு ரூபாய் விளம்பரம், என் கடையைச் சுற்றிப் பதினைந்து கிலோமீட்டர், பெண்கள் மட்டும். ஆவணி, தை முகூர்த்தங்களுக்கு ஆறு வாரம் முன்னால் போட்டுவிடுவேன். ஏனென்றால் கனமான பிளவுஸ் ஒன்று முடிக்கவே எனக்கு எட்டு, ஒன்பது நாள் ஆகும். முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் கூட்டம் வந்து என்ன பயன்? பார்க்கிறவர்களுக்குப் பிடித்தது முடிந்த பிளவுஸ் படம் இல்லை, ஊசி துணிக்குள் இறங்கி ஜரியை இழுத்துக்கொண்டு வருகிற வீடியோதான்.

அளவு எடுக்கும்போதே "எங்கே பார்த்து வந்தீங்க?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறேன். போன தை மாதம் வந்த 31 பேரில் 14 பேர் இன்ஸ்டாகிராம். மற்றவர்கள் பழைய வாடிக்கையாளர் வழியாக வந்தவர்கள். ஆனால் அவர்களிலும் முக்கால்வாசிப் பேர் கடைக்கு வருவதற்கு முன் பேஜைத் திறந்து வேலையைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். எனவே எதனால் வந்தார்கள் என்று ஒற்றைக் கோடு போட்டுப் பிரிக்க முடியவில்லை.

மாடித்தோட்டம்:

விதையும் செடியும் விற்கிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை. போன் நம்பர் வெளியே போனால் ஏமாற்றுக்காரர்களும் வருவார்கள். ராணுவ முகாமிலிருந்து பேசுகிறேன், 200 செடி வேண்டும், அட்வான்ஸ் அனுப்புகிறேன் என்று ஒருவர் க்யூஆர் அனுப்பினார். ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொன்னார். யூபிஐயில் பணம் வாங்கப் பின் நம்பர் போடவே தேவையில்லை. பின் போட்டால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம். என் மனைவி பக்கத்தில் இருந்ததால் தப்பித்தேன். ஸ்க்ரீன்ஷாட்டையும் நம்பாதீர்கள், உங்கள் கணக்கில் ஏறியதா என்று மட்டும் பாருங்கள்.

வாழையிலை (கோவை):

நான் கொஞ்சம் மாறிச் சொல்கிறேன். எங்கள் மெஸ்ஸில் மதியத்துக்கு 60 சாப்பாடு. யூட்யூபில் சாப்பாட்டு வீடியோ போடும் ஒருவர் வந்து எடுத்துப் போட்டார். அடுத்த சனிக்கிழமை 200 பேருக்கு மேல் நின்றார்கள். சாம்பாரில் தண்ணீர் ஏறியது, ரசம் தீர்ந்தது. பதினைந்து வருஷமாக வருகிற பேங்க்காரர் ஒருவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஒன்றரை மாதத்தில் வந்த கூட்டம் கலைந்தது. வாடிக்கைக்காரர்கள் முழுதாகத் திரும்பி வர அதைவிட அதிக நாள் ஆனது.

இப்போது காலை பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் அன்றைய மெனுவைப் போடுகிறேன். என் நம்பரை வைத்திருக்கிற 300 பேருக்கு மட்டும்தான் தெரியும். வத்தக்குழம்பு என்று போட்டால் பதினொன்றுக்குள் முப்பது பேர் சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்லிவிடுவார்கள். எவ்வளவு அரிசி போட வேண்டும் என்பது அடுப்புப் பற்றவைக்கும்போதே தெரிந்துவிடுகிறது. ராத்திரி கொட்டுகிற சோறு நின்றதுதான் எனக்குக் கிடைத்த பெரிய லாபம். என்னுடைய கடைக்கு இந்த அளவு போதும்.

கரிசல் கடை:

வாழையிலை அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் அப்பாவிடம் காட்டினேன். தீபாவளிக்கு விளம்பரம் போடலாம் என்று இருந்தோம். ஒரு நாளைக்கு எங்களால் 80 கிலோதான் போட முடியும். அதற்கு மேல் ஆர்டர் எடுப்பதில்லை என்று இப்போதே கேட்டலாக்கில் எழுதிவிட்டேன்.

ஆரி அக்கா, எனக்கு ஊரைச் சுற்றிப் போட்டு என்ன செய்ய? இங்கே வீட்டுக்கு வீடு மிட்டாய் இருக்கிறது. சென்னைக்கு மட்டும் போட முடியுமா?

ஆரி அக்கா:

முடியும் தம்பி. இடம் கேட்கிற இடத்தில் சென்னை என்று போடு. ஆனால் சென்னை முழுக்கப் போட்டால் நூறு ரூபாய் எங்கே போனதென்றே தெரியாது. முன்னால் அனுப்பிய பார்சல் அட்ரஸ்களை எடுத்துப் பார், எந்த ஏரியாவில் அதிகம் போயிருக்கிறது என்று. அந்த ஏரியாவை மட்டும் போட்டு ஐந்து நாள் ஓடவிடு. அந்த டங் சத்தம் வருகிற வீடியோவையே போடு, பாட்டு எதுவும் சேர்க்காதே.