'ராவிலே ஒண்ணு': எல்லையோரத்தில் மருத்துவத்துக்கு எது தடை, எது துணை?

கொழிஞ்சாம்பாறை மாணவி:

எங்கள் ஊர் கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. பொது சுகாதாரம் படிக்கிறேன். சர்க்கரை நோயுள்ள முதியவர்கள் மருத்துவம் பெறுவதில் எவை தடை, எவை துணை என்று இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்ப்பதுதான் என் ஆய்வேடு. ஒவ்வொரு கட்டுரையையும் நானும் என் தோழியும் தனித்தனியாகப் படித்துக் குறிப்போம். கருத்து ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆளிடம் கேட்போம்.

1981-இல் பென்சான்ஸ்கியும் தாமஸும் எழுதிய கட்டுரை, மருத்துவம் கிடைப்பதை ஐந்தாகப் பிரிக்கிறது: மருத்துவம் இருக்கிறதா, எட்டுகிற தூரமா, நம் நேரத்துக்கு ஒத்துவருமா, கட்டுப்படியாகுமா, மனசுக்கு ஒப்புமா. படித்ததை எல்லாம் இந்த ஐந்துக்குள்தான் போட்டுவந்தேன். இடம் சரியாகப் பொருந்தாதவற்றுக்கு 'மொழித் தடை' என்று ஒரு சொல் வைத்திருந்தேன்.

அப்புறம் எங்கள் அம்முச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, ஒன்று நடந்தது. அவருக்கு மலையாளம் தண்ணீர் மாதிரி வரும், ஆனால் எழுத்து தெரியாது. அன்று அவருக்கு உடம்பு முடியாததால், உடுமலையிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் இருந்த அத்தை மருந்து வாங்கப் போனார். மருந்து கொடுத்தவர் 'ராவிலே ஒண்ணு' என்றார். மலையாளத்தில் ராவிலே என்றால் காலையில். அத்தையின் காதில் அது ராத்திரியாக விழுந்தது. காலைச் சாப்பாட்டுக்கு முன் போடவேண்டிய, சர்க்கரையைக் குறைக்கும் கிளிமெபிரைடு மாத்திரையை அம்முச்சி இரவில் போட்டுக்கொண்டு படுத்தார். விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறியது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத்தான் மீட்டோம்.

அந்த மருந்தாளுநர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னது சரியான மலையாளம், அத்தை கேட்டது சரியான தமிழ். இரண்டு மொழியும் தூரமாக இருந்திருந்தால் அத்தை திருப்பிக் கேட்டிருப்பார். ரொம்பப் பக்கத்தில் இருந்ததால் கேட்கத் தோன்றவில்லை. இதை 'மொழித் தடை' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்க என்னால் முடியவில்லை. அடுத்த முறை ஒரு சிஸ்டர் மருந்து உறையில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தார். அதைப் பார்த்து அம்முச்சி தானே மாத்திரை போடுகிறார்.

உங்களுக்கு இப்படி நடந்ததுண்டா?

வடகரப்பதிக்காரர்:

எங்கள் அப்பாவுக்கு நேரம்தான் தடையாக இருந்தது. கடலைக் காட்டு வேலையை விட்டுவிட்டு மத்தியானத்துக்குள் ஓ.பி.க்குப் போனால் அன்றைய கூலி போச்சு. 2017-இல் வந்த கேரள அரசின் ஆர்த்ரம் சுகாதாரத் திட்டத்தில் குடும்ப ஆரோக்கிய மையங்களில் மாலை ஆறு மணி வரை ஓ.பி. வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அப்பா மாதாமாதம் போக ஆரம்பித்தார்.

ஆஷா பணியாளர், சித்தூர் தாலுகா:

ஊர்ச் சுகாதாரத் தொண்டராக நான் வீடுவீடாகப் போவதை எல்லோரும் துணை என்றுதான் எழுதுவார்கள். ஆனால் காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண், 'அக்கா, தயவுசெய்து வீட்டுக்கு வராதீங்க' என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் படியேறினால் தெருவுக்கே தெரிந்துவிடுமாம். சரி என்று, ரேஷன் கடை வரிசையில் அவள் பின்னால் நின்று மாத்திரையைக் கொடுத்துவந்தேன். ஆறு மாதமும் ஒரு நாள் விடாமல் முடித்தாள். என்னிடம் சொல்லாமலே விட்டவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை. எந்த ஆய்வுக்காரர் வந்து அவர்களைக் கேட்கப்போகிறார்?

கொழிஞ்சாம்பாறை மாணவி:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் கட்டுரைக் குவியலை மறுபடி எடுத்தேன். பேட்டி எங்கே எடுத்தார்கள் என்று மட்டும் பார்த்தேன். ஓ.பி. வரிசை, வார்டு, மருந்துக் கடை வாசல் என்றே வந்தது. அங்கே வந்துசேர்ந்தவர்களிடம் போய், வராமல் இருக்க என்ன காரணம் என்று கேட்டிருக்கிறார்கள். அதையே நானும் தடைகள் என்று பட்டியல் போட்டிருக்கிறேன்.

நேற்று ராத்திரி தோழியிடம் பேசினேன். அட்டவணையில் 'யாரிடம், எந்த இடத்தில் கேட்டது' என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம். உங்கள் வருகையை எதில் போடுவது என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவள் துணை என்கிறாள், நான் இரண்டிலும் போடவேண்டும் என்கிறேன். திங்கட்கிழமை மூன்றாவது ஆளிடம் கொண்டுபோகிறோம்.