இரவு ஷிப்ட் முடிந்து நேரே செவிப்புலன் சோதனைக்கு: உங்கள் அனுபவம் என்ன?

துவாஸ் சேஃப்டி:
கப்பல் பட்டறைத் தம்பி ஒருவரின் ஆண்டுச் சோதனைத் தாள் இன்னும் மனத்தை அரிக்கிறது. இரண்டு காதிலும் 4,000 ஹெர்ட்ஸ் சுருதியில் 45 டெசிபல் இருந்தால்தான் கேட்கிறது, 8,000-இல் மறுபடி 20 போதும் (எண் கூடினால் காது மந்தம், வரைபடக் கோடு கீழே இறங்கும்). அந்தப் பள்ளத்தைப் பார்த்ததுமே சத்தம் தின்ற காது என்று தெரிந்துவிடும். ஆனால் இரவெல்லாம் கிரைண்டிங் செய்துவிட்டு விடிந்ததும் நேரே லாரியில் வந்திருக்கிறார். 16 மணி நேரமாவது சத்தத்தை விட்டு விலகியிருந்தால்தான் அளவு சரியாக வரும். ஓய்வுக்குப் பிறகு எடுத்ததில் 30. அதாவது 15 டெசிபல் வெறும் களைப்பு, மீதி நிஜச் சேதம். முதல் தாள் மட்டும் கோப்பில் ஏறியிருந்தால் அவர் வேலை என்னாகும்?

சோதனை அறை:
16 மணி நேரம் சரிதான், ஆனால் எல்லாவற்றையும் சத்தத்தின் தலையில் கட்டாதீர்கள். பாதித் தவறு, விளக்கம் சொல்வதில் நடக்கிறது. ஹெட்ஃபோன் மாட்டிய பாட்டி ஒருவர்: மெல்லிய ஒலி போகும்போதெல்லாம் புருவம் லேசாக ஏறுகிறது, கட்டைவிரல் மட்டும் பொத்தானை அழுத்தவில்லை. நிச்சயமாகக் கேட்டால்தான் அழுத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆங்கிலத்தில் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறார். "கொசு முனகுற மாதிரி இருந்தாலும் அழுத்துங்க பாட்டி, சந்தேகமா இருந்தாலும் அழுத்துங்க" என்று தமிழில் சொன்னதும் வரைபடக் கோடு 15 டெசிபல் மேலே ஏறியது, அதாவது அவ்வளவு மெல்லிய ஒலிக்கும் அழுத்தினார்.

நன்றாகக் கேட்கும் காதில், 1,000 ஹெர்ட்ஸில் தொடங்க வேண்டும். கேட்டால் 10 டெசிபல் குறை, கேட்காவிட்டால் 5 கூட்டு. ஒலிகளுக்கு இடையிலான இடைவெளியை மாற்றிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் தாளத்துக்கு அழுத்துவார்கள். கடைசியில் 1,000-ஐத் திரும்ப எடுங்கள். 5-க்கு மேல் மாறினால் அந்தத் தாளை நம்ப முடியாது.

முன்னாள் தாதி:
இதெல்லாம் சோதனைக்கு வந்து சேர்ந்தவர்கள் கதை. வராதவர்கள்? கடைக்கார அண்ணன் ஒருவருக்குக் காலையில் எழுந்ததும் வலது காது அடைப்பு. அழுக்குதான் என்று மருந்துக் கடைச் சொட்டை விட்டுக்கொண்டு மூன்றாவது வாரம் வந்தார். காதுக்குள் பார்க்கும் ஓட்டோஸ்கோப்பில் பார்த்தால் உள்ளே துளி அழுக்கில்லை, செவிப்பறைச் சவ்வு பளபளவென்று இருக்கிறது. நரம்பு வழிக் கேட்கும் திறன் போயிருந்தது. ஸ்டீராய்டு முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பெரும்பாலும் பலன்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஒரு காது திடீரென்று அடைத்தால் வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் பலமாகக் கேட்டால் அழுக்கோ நீரோ இருக்கலாம். நல்ல காதுப் பக்கம் ஒலித்தால் நரம்பாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். எப்படிக் கேட்டாலும் இது சோதனைக்கு ஈடாகாது. காட்டன் பட் வேண்டாம், அழுக்கை உள்ளே தள்ளிவிடும். மருத்துவமனைக்குப் போனால் எலும்பு வழிச் சோதனையும் (காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வு வைத்து எடுப்பது) கேளுங்கள். ஹெட்ஃபோன் சோதனையில் இரண்டு காதுக்கும் 40 டெசிபலோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தால் நல்ல காதுக்கு இரைச்சல் கொடுத்து மறைக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல காது கேட்டதைக் கெட்ட காதின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

துவாஸ் சேஃப்டி:
தாதி அக்கா, நன்றி. தம்பி விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூர் விதிப்படி 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் வரம்பு. 3 கூடினால் நேரம் பாதியாகும். 100 டெசிபல் கிரைண்டருக்கு 15 நிமிடம்தான். அவர் காதை அடைக்கும் ஃபோம் பிளக்கைப் பாதி நுழைத்தபடி வேலை செய்கிறார். மெல்லியதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு, ஃபோம் விரியும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். நேரே பார்த்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? சரியாக நுழையவில்லை, எடுத்துத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.