பகல்நேர மையத்தை மூடிவிட்டுப் பணத்தைக் கையில் கொடுத்தால் போதுமா?

வாசலில் நிற்பவள்:

என் மகனுக்கு 27 வயது. அறிவுசார் குறைபாடு, பேச்சும் கிடையாது. (இதைச் சிலர் கற்றல் குறைபாடு என்றும் எழுதுகிறார்கள். பிரிட்டனில் ‘லேர்னிங் டிஸெபிலிட்டி’ என்றால் இதுதான், அமெரிக்காவில் அதே சொல் டிஸ்லெக்சியா போன்றவற்றைக் குறிக்கும். அதனால் வாசிப்புப் பயிற்சி சொல்ல யாரும் வந்துவிடாதீர்கள்.) ஒன்பது வருடமாக வாரம் ஐந்து நாள் ஒரு பகல்நேர மையத்துக்குப் போய்வருகிறான். இப்போது அதை மூடப்போகிறார்களாம். அதற்குப் பதில் ஆளுக்கு இவ்வளவு என்று தனிநிதி கொடுப்பார்களாம், அதில் நாங்களே உதவியாளர் வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

கூட்டம் போட்டு “இனி தேர்வு உங்கள் கையில்” என்றார்கள். எனக்குத் தேர்வு வேண்டாம், எட்டரைக்கு வேன் வந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைகூட பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிற பிள்ளை அவன். இன்றைக்கு வேன் வராது என்று புரியவைக்க அரைமணி நேரம் ஆகும். இனி என்றைக்குமே வராது என்பதை எப்படிப் புரியவைப்பது?

மாற்றுப்பாதை:

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் மூடச் சொல்கிற கட்சி. இப்படி ஒரு மையத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். முப்பது பேர், ஒரே கூடம். காலையில் மணி கோப்பார்கள். மாலையில் வேன் கிளம்பியதும் நாங்கள் உட்கார்ந்து அத்தனையையும் அவிழ்த்து டப்பாவில் போடுவோம், மறுநாள் மறுபடி கோப்பதற்கு. நானே அவிழ்த்திருக்கிறேன். பெயர் தொழிற்பயிற்சி. ஆறு வருடத்தில் அங்கிருந்து ஒருவரும் ஒரு வேலைக்கும் போகவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை வந்தது 2006இல். அதன் 19ஆம் பிரிவு, எங்கே யாரோடு வாழ்வது என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கலாம், அதற்கான உதவி ஊருக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்கிறது. தனியாக ஒரு கட்டடத்தில் சேர்த்து வைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளை வைத்திருந்த நியூயார்க்கின் வில்லோபுரூக் காப்பகமே சாட்சி. 1972இல் தொலைக்காட்சி கேமரா உள்ளே போன பிறகுதான் அங்கே பிள்ளைகள் கிடந்த கிடை வெளியே தெரிந்தது, அதற்கப்புறமும் அதை முழுதாக மூட 1987 வரை ஆனது.

வாசலில் நிற்பவள்:

வில்லோபுரூக்கையும் என் மகன் போகிற இடத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் தம்பி. அது கொண்டுபோய் அடைத்து வைத்த இடம். என் பிள்ளை நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறான். அந்த ஏழரை மணி நேரத்தில்தான் நான் வேலைக்குப் போகிறேன், வங்கிக்குப் போகிறேன், சில நாள் சும்மா படுத்துக் கிடக்கிறேன். மணி கோப்பது தப்பு என்றால் மணியை மாற்றுங்கள், மையத்தை ஏன் இடிக்கிறீர்கள்?

நேர்வழி:

பெற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்வது குடும்பத்தின் கடமை. மையமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் வரிப்பணமா?

கணக்குப்பிள்ளை:

நேர்வழி அவர்களே, 27 வருடம் பார்த்துக்கொண்ட பிறகுதான் அவர் கேட்கிறார். ஒரு வார இறுதி இப்படி ஒரு வீட்டில் இருந்துவிட்டு வந்து எழுதுங்கள், பேசலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகளுக்கு இரண்டு வருடமாகத் தனிநிதிதான். பணம் வந்த அன்றே நான் முதலாளி ஆகிவிட்டேன். ஆள் தேடுவது, நேர்காணல், சம்பளக் கணக்கு, விடுப்புக் கணக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரசீதுகளைத் தேதிவாரியாக ஒட்டி அனுப்புவது எல்லாம் என் தலையில். ஒரு ரசீதில் தேதி அழிந்திருந்தது என்று ஒரு காலாண்டுப் பணத்தையே நிறுத்தி வைத்தார்கள். முதல் பதினொரு மாதத்தில் நான்கு உதவியாளர்கள் மாறினார்கள். ஒவ்வொருவருக்கும் மகளின் வலிப்பு மாத்திரையை, அவளுக்குப் பிடிக்காத சத்தத்தை, கழிப்பறைக்கு அவள் காட்டும் சைகையை முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். உதவியாளர் விடுப்பு எடுத்தால் நானும் விடுப்பு. மையத்தில் ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் இருப்பார்.

ஆஸ்திரேலியாவில் 2013இல் பெரிய அளவில் தனிநிதித் திட்டம் கொண்டுவந்தார்கள். அங்கேயும் உள்ளடங்கிய ஊர்களில் இதே கதைதான். திட்டத்தாளில் பணம் இருக்கும், வந்து செய்ய ஆள் இருக்காது.

மாற்றுப்பாதை:

ரசீதுத் தொல்லை உண்மை, மறுக்கவில்லை. அது நிர்வாகக் கோளாறு, அதற்காக நிதியையே குறை சொன்னால் எப்படி? ஸ்வீடனைப் பாருங்கள். 1994இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் தனி உதவியாளரை ஓர் உரிமையாகவே எழுதிவைத்தார்கள். மிச்சமிருந்த பெரிய காப்பகங்களையும் 1999 முடிவதற்குள் மூடச் சட்டம் போட்டார்கள். வானம் இடிந்து விழவில்லை.

கணக்குப்பிள்ளை:

அதே சட்டத்தை முழுதாகப் படியுங்கள் சார். பத்து உரிமைகள் இருக்கின்றன. பகல்நேரச் செயல்பாடு அதில் ஒன்று. குடும்பம் மூச்சுவிட வீட்டுக்கே ஆள் அனுப்புவது ஒன்று, சில நாள் வெளியே தங்கவைப்பது ஒன்று. உங்களுக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்துவந்து காட்டினால் என்ன நியாயம்?

தம்பிக்காக:

இரண்டு பேருக்கும் ஒரு விஷயம். என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம், வயது 41. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இவர்களின் சராசரி ஆயுள் 25 வயது சுமார்தான், இப்போது 60ஐத் தொடுகிறது. சந்தோஷம்தான். ஆனால் எங்கள் அம்மாவுக்கு 78 ஆகிறது.

சென்ற வருடம் திடீரென்று தலையைச் சுவரில் மோத ஆரம்பித்தான். டாக்டர் “இந்தக் குறைபாட்டில் இப்படி வரும்” என்று அமைதிப்படுத்தும் மாத்திரை எழுதினார். ஐந்து மாதம் தூங்கி வழிந்தான், மோதுவது மட்டும் நிற்கவில்லை. அவன் மையத்தில் சாப்பாடு பரிமாறுகிற அம்மா ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “இவன் இப்போதெல்லாம் இடது பக்கமாகவே மெல்கிறான், கவனித்தீர்களா?” என்றார். வலது கடைவாய்ப்பல் சொத்தை. பிடுங்கிய மூன்றாம் நாளே மோதுவது நின்றது. மாதத்துக்கு ஒருவர் மாறிக்கொண்டே இருந்தால் எந்தப் பக்கம் மெல்கிறான் என்று யாருக்குத் தெரியும்? மையமோ நிதியோ எதுவாகவும் இருக்கட்டும், அவனைப் பல வருடம் பார்த்த கண் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். எந்த விண்ணப்பத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

நானும் பேசுவேன்:

எனக்கும் அறிவுசார் குறைபாடு. அக்கா தட்டச்சு செய்கிறாள். நான் சொல்வதைத்தான் போடுகிறாள்.

நான் மையத்துக்கு எட்டு வருடம் போனேன். மணி கோப்பது பிடிக்கவில்லை. என் நண்பனைப் பிடிக்கும். இப்போது நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறேன். மூன்று நாள். அது பிடிக்கும். நண்பனைப் பார்க்க முடியவில்லை. அவன் வீட்டுக்கு எந்த பஸ் என்று யாரும் சொல்லித் தரவில்லை. மையத்தை மூடும்போது என்னைக் கேட்கவில்லை. அம்மா, உங்கள் மகனைக் கேட்டீர்களா?

வாசலில் நிற்பவள்:

இல்லை, கேட்கவில்லை. அவனுக்குப் பேச்சு இல்லை என்பதால் கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. எப்படிக் கேட்பது?

மாற்றுப்பாதை:

படம் வைத்துக் கேட்கலாம் அக்கா. மையத்தின் கூடம், வேன், கூடப் போகிறவர்கள், அங்கே செய்கிற வேலை, வீடு, பூங்கா என்று ஒவ்வொன்றையும் அவன் நிற்கிற இடத்திலிருந்து போட்டோ எடுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு படம்தான். சிலர் எப்போதும் வலது கைப்பக்கம் இருப்பதையே தொடுவார்கள், அதனால் இடம் மாற்றி மாற்றி வையுங்கள். களைத்திருக்கும்போது வேண்டாம். நாலைந்து நாள் விட்டுவிட்டுச் செய்து குறித்துவையுங்கள், ஒருநாள் பதிலை நம்பாதீர்கள். அவன் தொடுவது மட்டும் பதில் இல்லை, எதைத் தள்ளிவிடுகிறான் என்பதும் பதில்தான்.

கணக்குப்பிள்ளை:

இது நல்ல யோசனை, மறுக்க மாட்டேன். எதை எடுத்தாலும் சரி, புது ஏற்பாடு ஓட ஆரம்பிக்கும் வரை பழையதை மூட மாட்டோம் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். எனக்கு வாய்ப்பேச்சில் சொன்ன இரண்டு வார இடைவெளி ஏழு மாதம் ஆனது.

வாசலில் நிற்பவள்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ஆறு தடவை செய்துபார்த்தேன். கூடத்தின் படத்தை நான்கு தடவை மேசையிலிருந்து தள்ளிவிட்டான். அதற்கு எனக்கு அழுகை வந்தது, ஒன்பது வருடம் அங்கேதானே அனுப்பினேன். ஆறு தடவையும் அவன் எடுத்தது வேனை.

மாற்றுப்பாதை:

பார்த்தீர்களா அக்கா, கூடத்தைத் தள்ளியிருக்கிறான்.

தம்பிக்காக:

வேனை எடுத்தானே, அதைச் சொல்லுங்கள். வேனில் அவன் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

வாசலில் நிற்பவள்:

தெரியவில்லை. கதவு வரைக்கும்தான் நான் போவேன். நாளைக் காலையில் ஏறிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.