1963 மோரிஸ் மைனர்: முன்பக்கத்தில் எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

கேள்வி – ரோஸ் ஹில், மொரீஷியஸ்
அனைவருக்கும் வணக்கம். என் மாமா நெடுங்காலம் ஓட்டிய 1963ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000 இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. அதன் 1098 சிசி எஞ்சினில் குறையில்லை. ஆனால், வேகம் 60 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டி அலைபாய்கிறது. தோதானில் (சாலை வேகத்தடையில்) ஏறி இறங்கும்போது இடது முன்சக்கரத்தின் அருகே 'டொக்' என்று சத்தம் கேட்கிறது. பார்த்த மெக்கானிக், கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு), ட்ரனியன் (அந்த அச்சின் முனையைத் தாங்கும் மரைத் துண்டு), டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு), ஸ்டியரிங் ராக் (ஸ்டியரிங் திருப்பத்தை இடவல அசைவாக்கும் பல்சட்டம்), ஷாக் அப்சார்பர், புஷ்கள் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உறைகள்), பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் என எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிவிட்டார். உதிரிபாகங்களை இங்கிலாந்திலிருந்து தருவிக்க வேண்டியிருப்பதால், இப்போதைக்கு என்னால் பாதிதான் வாங்க முடியும். எந்தப் பாதியை வாங்குவது?

மறுமொழி – கியூர்பிப்
ஐயா, பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு முதலில் சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியபின், சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால், வேறொருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மீண்டும் அசையுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குறை வீல் பேரிங்கில் இருக்கிறது; நிற்காவிட்டால் கிங்பின், ட்ரனியன் பக்கம் இருக்கிறது. இடவலமாக அசைக்கும்போது மட்டும் தெரியும் ஆட்டம் பெரும்பாலும் டை ராட் எண்டுடையது.

மைனரில் கிங்பின்னின் இரு முனைகளும் மரை வெட்டப்பட்டு ட்ரனியனுக்குள் திருகப்பட்டிருக்கின்றன; ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையிலேதான் சக்கரம் திரும்புகிறது. கிரீஸ் வற்றினால் மரை தேய்ந்து, ஒருநாள் கீழ் ட்ரனியன் கழன்று, சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கி, வண்டி மூக்குக் குப்புற விழும். ஆகையால் இதில் சந்தேகம் எழுந்தாலே மாற்றிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டை ராட் எண்டுக்கும் இதே விதிதான்.

ஷாக் அப்சார்பரைப் பொறுத்தவரை, அதன் கையே மைனரில் சக்கரத்தைத் தாங்கும் மேல் ஆர்மாகவும் வேலை செய்கிறது. கை அச்சில் ஆட்டம் இருந்தால் எண்ணெய் ஊற்றிப் பயனில்லை; எண்ணெய் மட்டும் குறைந்திருந்தால் நிரப்பிவிட்டு ஓட்டலாம்.

மறுமொழி – மஹேபூர்
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் புஷ்களைக் கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள். சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மை முன்னோக்கிப் பிடித்திருக்கும் டை பார் என்ற கம்பியின் ரப்பர் புஷ் நைந்துவிட்டால், பிரேக் பிடிக்கும்போது சக்கரமே முன்பின்னாக நகரும். அந்த அலைச்சலுக்குப் பழி ராக்கின்மேல் விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். புஷ் விலை மிகவும் குறைவு. அதன் நட்டுகளை, வண்டி தன் எடையோடு நான்கு சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் முறுகியபடியே இருந்து விரைவில் கிழிந்துவிடும்.

பின் ஸ்பிரிங்கை வாங்குமுன் அது மாட்டியிருக்கும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். எங்களைப் போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஸ்பிரிங்கைவிட அந்த இரும்புதான் முதலில் துருப்பிடிக்கிறது.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் நன்றி. இடப்பக்கம் பிரேக்கை அழுத்திய பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. கீழ் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் முனை) பெயின்ட்டால் அடைபட்டுக் கிடந்தது. வலப்பக்கம் ஆட்டமே இல்லை. டை பார் புஷ்கள் இருபுறமும் பிளந்துள்ளன. ராக்கும் பின் ஸ்பிரிங்கும் நன்றாகவே இருக்கின்றன. இடப்பக்கத்தை மட்டும் மாற்றினால் போதுமா?

மறுமொழி – கியூர்பிப்
போதும் ஐயா. இடப்பக்கத்துக்குக் கிங்பின்னும் இரு ட்ரனியன்களும், இருபுறத்துக்கும் புஷ்களும் வாங்குங்கள். பாகங்களில் இடம் வலம் உண்டு என்பதால், ஆர்டரில் பக்கத்தைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். கழற்றும்போது டார்ஷன் பார் (முறுக்கத்தால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் தண்டு) இறுக்கத்தில் இருக்கும். கீழ் ஆர்முக்கு ஜாக்கி கொடுக்காமல் எந்த நட்டையும் தொடவேண்டாம். வலப்பக்கத்துக்கு, சக்கரத்தை உயர்த்தி, பாரம் இல்லாத நிலையில், புதிய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள். எல்லாம் முடிந்தபின் வீல் அலைன்மென்ட் பாருங்கள். மைனருக்கு டோ இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர்.