சாம்பல் அணில் மரத்தைச் சுற்றி விளையாட்டுக் காட்டுகிறது, என்ன செய்வது?

அணில் வேட்டை அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள். லைசென்ஸ் எடுத்து இது முதல் சீசன். நரி அணில் (fox squirrel என்னும் இன்னொரு அணில் இனம்) பரவாயில்லை. வெயில் ஏறிய பிறகும் காட்டோரத்தில் தரையிறங்கித் திரிகிறது. சாம்பல் அணில்தான் படுத்துகிறது. விடிந்ததும் ஹிக்கரி மரத்தில் கொட்டை கொறிக்கும் சத்தம், தோல் துணுக்குகள் என் தொப்பியிலேயே விழுகின்றன. துப்பாக்கியைத் தூக்கினால் அடிமரத்தின் மறுபக்கம் போய் ஒட்டிக்கொள்கிறது. நான் சுற்றினால் அதுவும் சுற்றுகிறது!

இருவர் போனால் ஒருவர் சுற்றிவந்து திருப்பிவிடலாம், சரி. நான் தனி ஆள். மறுபக்கம் ஒரு குச்சியை எறிந்தால் பலிக்குமா, அசையாமல் உட்கார்ந்திருப்பதே மேலா? அப்புறம், என்னிடம் இருப்பது .22 ரைஃபிள். உச்சிக் கிளையில் இருப்பதை வானம் பார்த்துச் சுட மனமில்லை. குண்டு ஒரு மைலுக்கு மேலும் போகும். இலை உதிரும்வரை, அவ்வளவு தூரம் போகாத சிறு ரவைகளைச் சிதறவிடும் ஷாட்கன்னுக்கு மாறிவிடவா?