பழைய ராணுவ முகாம் கலைக்கூடமானால் உடனே பசுமையாகிவிடுமா?

செங்கல்சூளை: "கைவிட்ட ராணுவக் கட்டடத்தில் கலை குடிபுகுந்தாலே அது பசுமைதான், டெக்சஸ் மார்ஃபாவைப் பாருங்கள்" என்று ஒரு மேதை இங்கே தீர்ப்பு எழுதியிருக்கிறார். பார்த்தோம். அமெரிக்கச் சிற்பக் கலைஞர் டொனால்ட் ஜட் அங்கே தன் படைப்புகளை வைக்க எடுத்துக்கொண்ட பழைய ராணுவப் பீரங்கிக் கொட்டகைகளின் தட்டைக் கூரை ஒழுகியது. அதன்மேல் நெளிதகட்டில் அரைவட்டக் கூரை ஏற்றினார். கட்டடத்தின் உயரமே இரு மடங்கானது. இருந்ததை அப்படியே பயன்படுத்திய லட்சணம் இதுதானா?

மரப்பாச்சி: அந்த மேதை நான்தான். பெயரைச் சொன்னால் வாய் வெந்துவிடுமா? கொட்டகைகளின் பழைய கதவுகள் இருந்த இடமெல்லாம் இன்று பெரிய கண்ணாடிச் சன்னல்கள். உள்ளே ஜட்டின் படைப்பான 100 அலுமினியப் பெட்டிகள். வெயில் நகர நகர ஒரே பெட்டி ஒருமுறை கண்ணாடிபோல் மின்னும், அடுத்த கணம் சாம்பலாய் மங்கும். விளக்கு வேண்டியதில்லை. இடித்துக் கட்டியிருந்தால் எவ்வளவு சிமெண்டு, எவ்வளவு இரும்பு!

செங்கல்சூளை: கேட்டது கூரையை. பெட்டியின் அழகை யார் கேட்டார்கள்?

வழிப்போக்கன்: கூரை கிடக்கட்டும். இத்தகைய இடங்களில் மண்ணுக்குள் ஈயமும் எரிபொருளும் வெடிக்காத குண்டும் கிடக்கலாம். அதைத் துப்புரவாக்கும் செலவு யார் தலையில்?

செங்கல்சூளை: முதலில் கூரைக்குப் பதில் வரட்டும்.

மரப்பாச்சி: கூரைதானே? பிரான்சின் போர்தோவுக்குப் போங்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் கட்டிய நீர்மூழ்கித் தளம். குண்டுவீச்சைத் தாங்கவென்றே வார்த்த கான்கிரீட் கூரை. 2020 முதல் ஒளி ஓவியக்கூடம். சுவரில் விழும் படம் கீழே தண்ணீரிலும் தெரியும்.

செங்கல்சூளை: அந்தப் புரொஜெக்டர்கள் காற்றைக் குடித்தா ஓடுகின்றன? மார்ஃபாவில் விளக்கே வேண்டாம் என்றவர் போர்தோவில் மின்சாரத்தை மறந்துவிட்டார். ஆலைக் கட்டட விவாதத்திலும் பாதியில் இப்படித்தான் ஊர் மாறினீர்கள்.

மரப்பாச்சி: ஆலை விவாதத்தில் பதில் சொல்லாமல் ஓடியவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

தகரடப்பா: இருவரும் பணம் கொட்டிய இடங்களையே பேசுகிறீர்கள். ஸ்லோவேனியத் தலைநகர் லியூப்லியானாவின் மெட்டெல்கோவா, யுகோஸ்லாவிய ராணுவம் விட்டுப்போன பாசறை. 1993இல் இடிக்கத் தொடங்கியபோது கலைஞர்கள் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். ராணுவச் சிறை இன்று பயணிகள் விடுதி. பழைய அறைகளில் கம்பிக்கதவுகூட அப்படியே இருக்கிறது.

செங்கல்சூளை: அத்துமீறிப் புகுந்தவர்கள்தான் உங்கள் உதாரணமா? அருமை.

தகரடப்பா: இடிக்க வந்தவர்களைவிட அவர்கள் எந்த வகையில் மோசம்?

செங்கல்சூளை: சட்டம் உங்களுக்கு வேப்பங்காய் என்பது தெரிந்ததுதான். மரப்பாச்சி, உங்களைத்தான் கேட்கிறேன்: அந்த நெளிதகடு புதிதாக வாங்கியதா, இல்லையா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று.

மரப்பாச்சி: ஒழுகும் கூரையின் கீழே கலையை வைத்துக் குடையும் பிடிக்கச் சொல்கிறீர்களா?

செங்கல்சூளை: ஆமா, இல்லையா?

வழிப்போக்கன்: குண்டைப் பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

செங்கல்சூளை: அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.